வெர்சாய்க்குப் போகாத பேருந்து

இக்கட்டுரையை எழுதாமல் விட்டுவிடலாம் என்றே முதலில் எண்ணினேன். அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் இங்கிலாந்து முடியரசின் பிடியிலிருந்து விடுபட்டுத் தனி நாடான வரலாற்றை நூலாக எழுதினேன். அந்நூல் இரு பதிப்புகளும் கண்டது. அதன் பதினோராம் இயலில் ஒரு பெரும்பிழை இருக்கிறது. திருத்தத் தாள் ஒன்றை ஒட்டிக் கடமை முடிந்தது என்று இருந்துவிடலாம். ஆனால் விற்றுப்போன படிகளின் பின்னால் அத்தாள் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளாது. மேலும், அப்பிழையை நான் கண்டுகொண்ட விதம் பாரிசில் லா சப்பல் பகுதியில் புழங்கும் தமிழர் ஐம்பதின்மருக்குத் தெரியும். நான் சொல்லாவிட்டால் அவர்கள் சொல்வார்கள். என்னைவிடச் சுவையாகவும் சொல்வார்கள். எனவே நானே எழுதிவிடுவது முறை.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு, செப்டம்பர்த் தொடக்கம். என்னை அழைத்தவர் சிவலோகநாதன். சுன்னாகத்தில் பிறந்தவர், ரூ காய் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர், குடியிருப்பு திரான்சி என்னும் புறநகரில். என் நூல் எப்படியோ அவர் கைக்குச் சேர்ந்திருக்கிறது. படித்தவர் படித்ததோடு நில்லாமல், கடைக்கு அருகிலுள்ள பொது மண்டபத்தில் சனிக்கிழமை மாலைதோறும் வரலாற்று வகுப்பு ஒன்றைத் தொடங்கிவிட்டார். முந்தைய ஆண்டு வைகாசியில் ஈழத்தில் போர் முடிந்த விதத்தைக் கண்ட பிறகு, பிறர் விடுதலை பெற்ற கதையை உட்கார்ந்து படிப்பதா என்று சிலர் முகஞ்சுளித்தனர். இப்போதுதான் படிக்க வேண்டும் என்றனர் வேறு சிலர். அந்தச் சனிக்கிழமை நேரத்தைப் பிள்ளைகளின் கணக்குப் பாடத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று ஓர் அணி வற்புறுத்திக்கொண்டிருந்தது. முடிவெடுக்கும் கூட்டம் அடுத்த கிழமை. அதற்குள் தம் வகுப்பை நிலைநிறுத்த வேண்டும் என்று சிவலோகநாதன் ஒரு பெரிய பேருந்தை அமர்த்தியிருந்தார். ஞாயிறன்று அனைவரும் வெர்சாய் அரண்மனைக்குப் போவது. அமெரிக்க விடுதலை உடன்படிக்கை கையெழுத்தான அவ்விடத்தில் நூலாசிரியரே நின்று உரையாற்றுவது. இதுதான் ஏற்பாடு.

நான் போய் இறங்கியது புதன்கிழமை. என் ஊராகிய மன்னார்குடியில் தொடர்வண்டியைப் பார்க்க வேண்டுமானால் நிலையத்துக்குப் போக வேண்டும்; லா சப்பலில் அது நம் தலைக்கு மேல் வருகிறது. இரும்புத் தூண்கள் தாங்கிய பாலத்தில் வண்டி கடகடத்து ஓட, கீழே முருங்கைக்காய்க் கட்டும் மீன் பெட்டியும் தொலைபேசி அட்டையும் விற்கிறார்கள். சேலைக் கடை வாசலில் நிறுத்தியிருந்த பொம்மைக்குக் கூறைப்புடவை கட்டிக் கழுத்தில் கம்பளித் துண்டும் சுற்றியிருந்தார்கள். குளிர் வருமுன் பொம்மைக்கு வந்துவிட்டது.

சிற்றுண்டிச் சாலையில் அமர்ந்து, குளம்பி ஒன்று வேண்டும் என்று கேட்டேன். பரிமாறுபவர் பணிவாக, "அது இண்டைக்கு இல்லை ஐயா. கோப்பி இருக்கு, பிளேன்ரீ இருக்கு" என்றார். தேநீர் அருந்தினேன். மரக்கறி ரோலின் மேல்மாவு மொறுமொறுப்பாகவும் உள்ளீடு வியப்பூட்டும் உறைப்பாகவும் இருந்தது. நம் ஊர்ச் சமோசாவுக்கு இது ஒன்றுவிட்ட உடன்பிறப்பு. கண்ணில் நீர் வரவே, அடுத்த மேசைக்காரர், "பிரான்சுக்கு வந்த புதிசிலை எல்லாரும் அழுறதுதான்" என்று தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.

எங்கு பார்த்தாலும் சுவரொட்டி. சிவலோகநாதனின் கடைக் கண்ணாடியில், சேலைக் கடையில், முடிதிருத்தகத்தில்: 'அமெரிக்க விடுதலை கையெழுத்தான அரண்மனைக்கு நூலாசிரியருடன் ஒரு நாள்'. என் படம் வேறு. அதில் நான் இருபது வயது இளையவன்.

வியாழன் முற்பகல் கடையில் ஓர் அரிசி மூட்டையின் மேல் அமர்ந்திருந்தேன். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. அயலூரில் அது மும்மடங்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து, பருப்பு வகைகளின் பெயர்ச்சீட்டுகளைப் படித்துவிட்டு மீண்டும் அமர்வேன். அப்போது உயரமான முதியவர் ஒருவர் வந்தார். ஆர்ஜொந்தெய் என்னும் புறநகரிலிருந்து தொடர்வண்டியில் வருபவர், பெயர் ஞானசேகரம். பல ஆண்டுகள் அலுவலகங்களில் துப்புரவுப் பணி பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கேட்கும் அணிக்கு அவர்தாம் தலைவர் என்று சிவலோகநாதன் முன்னரே என் காதில் போட்டிருந்தார்.

சுவரொட்டியைக் கைகட்டி நின்று முழுதும் படித்தார்.

"சிவம், பஸ் பிடிச்சாச்சோ?"

"ஓம் அண்ணை. நீங்களும் வாறியள்தானே?"

"வராமல்? வெர்சாய்க்கல்லோ போறியள்." என் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்கடை புத்தகத்தை நானும் படிச்சனான். முத்திரை வரி போட்டவுடனை அந்தச் சனம் கொதிச்சு எழும்பினது எண்டு எழுதியிருக்கிறியள். இஞ்சை ஒவ்வொரு பப்பியேக்கும் முத்திரை வாங்கித்தான் ஒட்டுறம். ஒருத்தரும் கொதிக்கேல்லை."

பப்பியே என்பது வதிவிடத் தாள்களுக்கு அங்கு வழங்கும் பெயர். கடையில் இருந்தோர் சிரித்தனர். நான் விடையிறுத்தேன்: வரியின் அளவு அங்கே வழக்கன்று, தம் பேராளர் எவரும் அமராத மன்றம் தமக்கு வரி விதித்ததே வழக்கு, கடல் கடந்து குடியேறினாலும் தாம் இங்கிலாந்துக் குடிகளே என்று நம்பியிருந்தவர்களுக்கு, தாம் அப்படி மதிக்கப்படவில்லை என்பது அந்த முத்திரையில்தான் முதன்முதலாக எழுதப்பட்டிருந்தது, தேயிலைப் பெட்டிகள் கடலில் விழுந்ததும் துப்பாக்கிகள் வெடித்ததும் அதன் பிறகே.

"விளங்குது" என்றார். பெருங்காய டப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர், வாசலில் நின்றார். "நேரம் கிடைச்சால் ரூ ஜாக்கோப் பக்கம் ஒருக்கா காலாற நடந்து பாருங்கோ, ஐயா. ஐம்பத்தாறாம் நம்பர். வடிவான தெரு."

"அங்கே என்ன இருக்கிறது?"

"நான் பதினெட்டு வருசம் அந்தத் தெருவிலை கந்தோர் கூட்டினனான்" என்று மட்டும் சொல்லிப் போனார். கந்தோர் என்பது அலுவலகம்.

வெள்ளியன்று தனியே புறப்பட்டேன். சுரங்கத் தொடர்வண்டி நான்காம் தடத்தில் நேரே கொண்டுபோய்விட்டது. இறங்கி வெளியேறும் வழியில் சீருடையினர் மூவர் மறித்துப் பயணச்சீட்டைக் கேட்டனர். பயணச்சீட்டைப் படிக்கும் நூலில் பக்க அடையாளமாக வைப்பது என் வழக்கம். மூன்று நாள் அலைச்சலில் என் நூலுக்குள் ஒன்பது சீட்டுகள் சேர்ந்திருந்தன. எது அன்றையது என்று எனக்கே தெரியவில்லை. பெண் அலுவலர் ஒருவர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து ஒரு கருவியில் காட்டிப் பார்த்தார். எட்டாவது, அன்றையது. நூலை என்னிடம் திருப்பித் தந்தபோது அவர் ஏதோ சொன்னார். அருகில் நின்ற புதுச்சேரிக்காரர் ஒருவர் மொழிபெயர்த்தார்: "இத்தனை இடத்துல நிறுத்தி நிறுத்திப் படிக்கிறாரே, அவ்வளவு ஐயம் தரும் புத்தகமான்னு மதாம் கேக்குறாங்க."

ரூ ஜாக்கோப் குறுகிய தெரு. பழம்பொருள் கடைகள், ஓவியக் கூடங்கள். ஐம்பத்தாறாம் எண்ணில் பெரிய மரக்கதவு, மூடியிருந்தது. சுவரில் ஒரு கல். எனக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டும் அளவுப் பிரெஞ்சே அதற்குப் போதுமாயிருந்தது. முன்னொரு காலத்தில் விடுதியாயிருந்த இந்தக் கட்டடத்தில், ஆயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்று செப்டம்பர் மூன்றாம் நாள், அமெரிக்கத் தூதர் மூவரும் இங்கிலாந்து மன்னரின் தூதர் ஒருவரும் கையெழுத்திட்டனர்; அமெரிக்க நாடுகளின் விடுதலையை ஏற்கும் உடன்படிக்கை அது.

முதலில் கல்லின் மேல் சினம் வந்தது. எதிர்ப்புறம் சென்று நின்று படித்தேன். திரும்பி வந்து மீண்டும் படித்தேன். கல் மாறவில்லை.

என் பிழை எங்கே பிறந்தது என்பதைச் சொல்ல வேண்டும். நம் கல்லூரிகளில் வரலாறு கற்பிக்கப்படும் முறை பலருக்குத் தெரியும். ஆசிரியர் குறிப்புச் சொல்வார், மாணவர் எழுதிக்கொள்வார். அம்மாணவர் பின்னாளில் ஆசிரியராகித் தம் பழைய ஏட்டையே எடுத்துவந்து குறிப்புச் சொல்வார். என் ஆசிரியர் எனக்குச் சொன்னார்: "பெயர்தான் பாரிசு உடன்படிக்கை. கையெழுத்தான இடம் வெர்சாய் அரண்மனை. தேர்வில் பலர் இங்குதான் வழுக்குவர்." அந்த நுட்பம் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. முப்பத்தோராண்டு அதை நானும் சொன்னேன். சொல்லும்போது சற்றே நிறுத்தி, வகுப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வேன். நூலிலும் அவ்வாறே எழுதினேன். மூலத்தைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. நான் மறவாதது இன்னொன்றும் உண்டு. ஒருமுறை ஒரு மாணவர் விடைத்தாளில் 'பாரிசு நகரிலேயே கையெழுத்தாயிற்று' என்று எழுதியிருந்தார். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தேன். வந்து கேட்டார். "குறிப்பைப் பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று மாலை சிவலோகநாதனிடம் சொன்னேன். கடையின் பின்னறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே. அவர் ஒரு மூட்டையின் மேல் அமர்ந்துவிட்டார்.

"இனி என்ன செய்யிறது ஐயா? ஐம்பத்தொரு பேர் பேர் குடுத்திட்டினம். பஸ்காரனுக்குச் சொல்லியாச்சு. கமலா நாளைக்குப் புளிச்சாதத்துக்குப் புளி கரைக்கப்போறா."

அவர் மனைவி கமலா கணக்கு முடிப்பது போல் சொன்னார்: "ஐயா, அரமணை வடிவான இடம். பிள்ளையள் தோட்டத்தைப் பாப்பினம், சனம் படம் எடுக்கும், சாப்பிடுவம், வருவம். ஆர் போய்க் கல்லைப் பாக்கப்போகினம்?"

"ஞானமண்ணை பாத்திருக்கிறார்" என்றார் சிவலோகநாதன். "அவர் பஸ்ஸுக்கை எழும்பி நிண்டு ஒரு கேள்வி கேட்டால் காணும். அடுத்த கிழமைக் கூட்டத்திலை வகுப்புக்குச் சங்கு. ஆனா நீங்களாச் சொன்னாலும் அதே சங்குதான்." சற்றுநேரம் வெங்காயத் தோலைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். "நீங்கள் படிச்ச ஆள். நீங்களே முடிவெடுங்கோ. நான் உங்களுக்கு மாறா ஒண்டும் கதைக்கமாட்டன்."

முடிவெடுக்கும் பொறுப்பை ஒருவர் நம்மிடம் இத்தனை மரியாதையோடு தருவதைப் போலத் துன்பம் வேறில்லை.

எனக்கு ஒரு வழி கிடைக்காமலும் போகவில்லை. சனிக்கிழமைக் காலை, நகரப் பொது நூலகம் ஒன்றில் அமர்ந்து ஆங்கில நூல்களைப் புரட்டினேன். அதே செப்டம்பர் மூன்றில் இங்கிலாந்து பிரான்சோடும் இசுபெயினோடும் தனித்தனியே உடன்படிக்கை செய்துகொண்டது. அவை கையெழுத்தானது வெர்சாயில்தான். அமெரிக்கரோடு கையெழுத்திட வேண்டிய இங்கிலாந்துத் தூதரோ பாரிசைவிட்டு அரண்மனைக்கு வர இசையவில்லை. அவர் தங்கியிருந்த விடுதிக்கே மற்றவர்கள் சென்றனர். ஆக, ஞாயிறன்று நான் அரண்மனை முற்றத்தில் நின்று, "அந்தப் போரை முடித்துவைத்த உடன்படிக்கைகள் இங்குக் கையெழுத்தாயின" என்று சொன்னால், ஒருசொல்லும் பொய்யன்று. ஞானசேகரம் கேட்டாலும் தப்பிவிடலாம். அந்தத் தொடரை மனத்துக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். நன்றாக ஒலித்தது. நன்றாக ஒலித்ததுதான் உறுத்தியது.

நூலகத்தில் இருக்க முடியவில்லை. வாய்க்கால் ஓரமாக நடந்தேன். நீரை ஏற்றி இறக்கும் மதகில் படகொன்று நின்றது. நீர்மட்டம் உயரும்வரை அதிலிருந்தோர் அசையாது ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தனர். எங்கள் பாமணியாற்று மதகில் இவ்வளவு பொறுமையை நான் கண்டதில்லை. எனக்கும் அது வாய்க்கவில்லை. மூன்று பாலங்களைத் தாண்டி, மீண்டும் அதே மூன்றைத் தாண்டி, நண்பகலுக்குக் கடைக்குத் திரும்பினேன்.

கடையில் ஒரு பெண் பயணத்துக்குப் பெயர் கொடுக்க வந்திருந்தார். பெயர் மலர்விழி, நாற்பது அகவை இருக்கலாம். வன்னியிலிருந்து அவ்வாண்டுதான் வந்து சேர்ந்தவர். உணவகம் ஒன்றின் சமையலறையில் காய்கறி கழுவி நறுக்கும் வேலை. ஞாயிறு விடுப்புக்காக வேறொருத்தியோடு இரண்டு நாள் மாறிக்கொண்டாராம்.

"வரலாற்றில் இத்தனை ஈடுபாடா அம்மா?" என்றேன்.

"எனக்கு வரலாறு ஒண்டும் தெரியாது, ஐயா. ஒரு சண்டை முடிஞ்சு கையெழுத்து வைச்ச மேசை எண்டு நோட்டீசிலை கிடந்தது." பையிலிருந்த கறிவேப்பிலையை உள்ளே தள்ளிக்கொண்டே சொன்னார்: "எங்கடை சண்டை முடியேக்கை மேசையும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அப்பிடியொரு மேசை எப்பிடி இருக்குமெண்டு ஒருக்காப் பாக்கோணும்."

நோட்டீசில் மேசை என்று இல்லை. ஆனால் நான் அவரைத் திருத்தவில்லை. அந்த அழகிய தொடர் அப்போதே என்னிடமிருந்து போய்விட்டது. இவரை ஓர் அரண்மனை முற்றத்தில் நிறுத்தி, "உடன்படிக்கைகள்" என்று பன்மையில் சொல்லி, எந்த மேசையைக் காட்டுவேன்?

ஞாயிறு காலை எட்டரை மணி. பாலத்தின் கீழ்ப் பேருந்து நின்றது. புளிச்சாதப் பொதிகள், வடைகள், தண்ணீர்ப் போத்தல்கள், குடைகள். பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் பேச, பெற்றோர் அவர்களைத் தமிழில் அதட்டிக்கொண்டிருந்தனர். ஞானசேகரம் முதல் வரிசையில், சன்னலோரம், கோட்டுப் பொத்தான் போட்டு அமர்ந்திருந்தார். சிவலோகநாதன் என்னைப் பார்க்கவில்லை. ஓட்டுநரிடம் போகும் வழி பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

நான் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டேன். வண்டி இன்னும் நகரவில்லை.

"அன்பர்களே, இந்தப் பேருந்து வெர்சாய்க்குப் போக வேண்டியதில்லை" என்றேன். "அமெரிக்க விடுதலை உடன்படிக்கை அங்குக் கையெழுத்தாகவில்லை. என் நூலில் அவ்வாறு எழுதியது பிழை. என் ஆசிரியர் சொன்னதைச் சரிபார்க்காமல் எழுதினேன். முப்பத்தோராண்டு மாணவர்க்கும் சொன்னேன். நீங்கள் பெயர் கொடுத்தது என் பிழையை நம்பி. சிவலோகநாதன் அவர்களுக்கு இதில் பங்கில்லை. உண்மையான இடம் ஆற்றுக்கு அப்பால், ரூ ஜாக்கோப் என்னும் தெருவில் இருக்கிறது. உள்ளே போக இயலாது. ஒரு கதவும் ஒரு கல்லும் உண்டு. விரும்பியவர்கள் வரலாம். மற்றவர்கள் அரண்மனைக்கே போகலாம். தோட்டம் அழகானது என்று கமலா அம்மையார் சொல்கிறார்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அப்ப சாப்பாடு எங்கை?"

"ஆத்தங்கரையிலை" என்றார் கமலா, ஒரு நொடியும் யோசியாமல்.

"ரூ ஜாக்கோப்புக்கு எனக்கு நாவிகோ இருக்கு, சும்மாவே போவன். இதுக்கு ஏன் பஸ்?" என்றார் மற்றொருவர். நாவிகோ என்பது அங்குள்ளோர் மாதம் முழுவதும் பயணம் செய்யும் அட்டை. சிரிப்பு எழுந்தது, அது என் மேல்தான் எழுந்தது. சிவலோகநாதனின் கழுத்து சிவந்ததைப் பின்னாலிருந்து கண்டேன்.

ஓட்டுநர் அல்சீரிய மரபினர். இவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று பிள்ளைகளிடம் கேட்டறிந்துகொண்டு ஒன்று சொன்னார். மாணவி ஒருத்தி அதைத் தமிழாக்கினாள்: "எங்கடை நாட்டு விடுதலைக்கும் ஒரு ஹோட்டலிலைதான் கையெழுத்து வைச்சவையாம். ஏரிக்கரையிலை. அரமணையிலை வைக்கிறது தோத்த ஆக்களைக் கேவலப்படுத்தத்தானாம்." பிறகு அவரே முடிவும் செய்தார்: இவ்வளவு பெரிய வண்டி அந்தத் தெருவுக்குள் நுழையாது, ஆற்றங்கரைச் சாலையில் இறக்கிவிடுவதாகச் சொன்னார். அரண்மனைக்குப் போக வேண்டும் என்று கை தூக்கியவர் எவருமில்லை. மலர்விழி மட்டும் அருகிலிருந்தவரிடம், "மேசை அங்கை இருக்குதோ?" என்று கேட்பது காதில் விழுந்தது.

ஐம்பத்திரண்டு பேர் அந்த நடைபாதையில் நிற்க முடியாது. பாதிப்பேர் எதிர்ப்புறம் நின்றனர். நடுவே வந்த சிற்றுந்துகள் ஒலியெழுப்பின. நாயோடு வந்த பிரெஞ்சு மூதாட்டி ஒருவர், இங்கே என்ன விற்கிறார்கள் என்று கேட்டார். ஒன்றும் விற்கவில்லை, இந்த வீட்டில் ஒரு நாடு பிறந்ததாம் என்று அந்த மாணவி விளக்கினாள். முப்பதாண்டாக இத்தெருவில் இருக்கிறேனே, எந்த நாடு என்று அவர் கல்லருகே சென்று, மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் படித்தார்.

நான் பேசினேன். ஆயத்தம் செய்த உரை அரண்மனைக்கு உரியது, அதை விட்டுவிட்டேன். மன்னர்க்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக எழுதிய குடிகள், பதினோராண்டுக்குள் மன்னரே வேண்டா என்று எழுதும் நிலைக்கு வந்த கதையைச் சொன்னேன். அவர்களுக்குத் துணை வந்த பிரெஞ்சு முடியரசு, தன் மக்களுக்குத் தராத உரிமைக்காக அயல்நாட்டில் போரிட்டதைச் சொன்னேன். கையெழுத்தான பிறகும் அது ஒரு நாடாக இருக்கவில்லை என்பதையும் சொன்னேன்: பதின்மூன்று நாடுகள், ஒன்றன் சொல்லை ஒன்று கேளாதவை, பொது மன்றத்துக்கு வரி தண்டும் ஆற்றல்கூட இல்லை. இன்னும் நான்கு ஆண்டு சென்று, மூடிய கதவுகளுக்குள் பூசலிட்டுத்தான் ஓர் அரசியலமைப்பை எழுதினர். பல தலைமுறையாக அந்நிலத்தில் வாழ்ந்த பழங்குடியினரை இந்த வீட்டுக்கு எவரும் அழைக்கவில்லை. அவர்கள் நிலம் மட்டும் உடன்படிக்கையில் கைமாறியது.

மலர்விழி கதவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிக் கேட்டார்:

"ஐயா, ராசாவின்ரை பக்கம் நிண்ட சனமும் அந்த ஊரிலை இருந்திருக்குந்தானே. அவை எங்கை போனவை?"

என் நூலில் அவர்களுக்கு ஒரு பத்திதான் உண்டு. ஆனால் முந்திய நாள் நூலகத்தில் அந்த உடன்படிக்கையின் விதிகளை முழுமையாகப் படித்திருந்தேன், வாழ்நாளில் முதன்முறையாக.

"பல்லாயிரவர் கப்பலேறினர், அம்மா. வடக்கே குளிர்ப் பகுதிகளுக்கும் இங்கிலாந்துக்கும் போனார்கள். அவர்களது பறிமுதலான வீடும் நிலமும் திரும்பக் கிடைக்க வேண்டும் என்று இங்குக் கையெழுத்தான தாளிலேயே ஐந்தாம் விதி இருக்கிறது. ஆனால் அதில் 'பரிந்துரைக்கப்படும்' என்றுதான் எழுதினார்கள். பரிந்துரைத்தார்கள். பெரும்பாலும் ஒருவரும் கொடுக்கவில்லை. இலண்டனில் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். இழந்ததை எல்லாம் எழுதிக் கொடு, சான்று காட்டு, சாட்சியைக் கூட்டி வா என்றார்கள்."

"ஓடி வந்த சனத்திட்டைச் சாட்சி கேட்டவையோ?"

"கேட்டார்கள்."

"அங்கையும் பப்பியேதான்" என்றார் அவர். எதிர்ப்புறத்தில் நின்றவர்களுக்கும் அது கேட்டது. இம்முறை சிரிப்பு வேறுவிதமாக இருந்தது, சிலர் சிரிக்கவில்லை.

பிறகு கதவை அண்ணாந்து பார்த்தார். "மேசை உள்ளுக்கை இருக்குதோ, ஐயா?"

"இருக்காது. இருந்தாலும் இன்று நமக்குத் திறக்க மாட்டார்கள்."

"பரவாயில்லை. கதவு இதுதானே. அது காணும்."

ஆற்றங்கரைக் கல்லிருக்கைகளில் அமர்ந்து உண்டோம். புளிச்சாதத்தில் கமலா வறுத்த வேர்க்கடலையைத் தாராளமாகப் போட்டிருந்தார். எனக்கு உண்ண இயலவில்லை. சிவலோகநாதன் தொலைவில் தனியே நின்று பொதிகளைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார். ஞானசேகரம் அவரை நோக்கி நடப்பதைக் கண்டதும் நானும் எழுந்து போனேன்.

"சிவம், அடுத்த கிழமைக் கூட்டத்திலை நான் என்ன கதைக்கப்போறன் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியும் அண்ணை. கணக்குப் பாடத்துக்குக் குடுங்கோ. நான் மறிக்கேல்லை."

"பொறடா. ஐயா, நான் உங்களுக்கு வியாழக்கிழமையே இடத்தைச் சொன்னது ஏன் எண்டு நினைக்கிறியள்? மைக்கிலை கேட்டு உங்களை நாறடிக்க எனக்குத் தெரியாதோ? பதினெட்டு வருசம் அந்தக் கல்லுக்குக் கீழை குப்பைப் பையை வைச்சனான். இஞ்சை ஆயிரம் பேர் வந்து எங்களுக்கு வரலாறு சொல்லிப்போட்டுப் போட்டினம். பிழைச்சுப்போச்சு எண்டு ஒருத்தன் இண்டைவரைக்கும் சொன்னதில்லை. படிச்ச ஆள் ஒருத்தர் சொல்லுவாரோ எண்டு பாக்கோணும் போலை இருந்தது."

"நான் சொல்லாதிருந்தால்?"

"வெர்சாயிலை புளிச்சாதம் திண்டுபோட்டு, வீட்டை போய், கணக்குப் பாடத்துக்குக் கை தூக்கியிருப்பன்." வடையைப் பிட்டு ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். "சனிக்கிழமை வகுப்பு நடக்கட்டும், சிவம். ஆனா ஒரு நிபந்தனை. ஐயாவின்ரை புத்தகத்தை முதல் பக்கத்திலையிருந்து பிழை பாக்கிற வகுப்பாத்தான் நடக்கோணும். நானும் வருவன். கணக்கை வெள்ளிக்கிழமையிலை வைப்பம்."

சிவலோகநாதன் என்னைப் பார்த்தார். நான் வடையை வாங்கிக்கொண்டேன். அந்த ஐந்து நாளில் அப்போதுதான் முதன்முறையாக ஓரிடத்தில் கால்மணி நேரம் அசையாமல் அமர்ந்திருந்தேன்.

அடுத்த கிழமைக் கூட்டத்தில் முடிவு அவ்வாறே ஆயிற்று என்று சிவலோகநாதன் எழுதினார். தைப்பொங்கலுக்கு முன் அவ்வகுப்பிலிருந்து எனக்கு ஓர் உறை வந்தது. மாணவர் கையெழுத்தில் ஏழு பிழைகள், பக்க எண்ணோடு. ஐந்தை ஏற்றுக்கொண்டேன், ஒன்றுக்கு மறுப்பு எழுதினேன், இன்னொன்றைச் சரிபார்த்து வருகிறேன். உறையினுள் தனியே ஒரு துண்டுத்தாளும் இருந்தது. மலர்விழி பிறரைக்கொண்டு எழுதுவித்தது. மன்னர் பக்கம் நின்று வெளியேறியவர்களைப் பற்றிய பத்தி மிகச் சிறிது, அதை வளர்த்து எழுத வேண்டும் என்று அதில் இருந்தது. மூன்றாம் பதிப்பில் அது தனி இயலாகிறது. அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் நூலின் பழைய படியை வைத்திருப்போர் அன்புகூர்ந்து பதினோராம் இயலைத் திறந்து, 'வெர்சாய் அரண்மனை' என்று வருமிடத்தைத் தம் கையாலேயே அடித்து, 'பாரிசு நகரில், ரூ ஜாக்கோப் தெருவில், ஒரு விடுதியில்' என்று எழுதிக்கொள்க. இக்கட்டுரையிலும் நாளோ தெருவோ செய்தியோ பிழைபடச் சொல்லியிருந்தால் எனக்கு எழுதுக. என் பெயரைக் கருதித் தயங்க வேண்டா. மன்னார்குடிக் கல்லூரியில் அன்று விடைத்தாளில் 'பாரிசு' என்று எழுதிய மாணவர் எங்கேனும் இதைப் படிக்க நேர்ந்தால், அவரும் எழுதுக. அந்த ஒரு மதிப்பெண் அவருடையது.